பஸ்ஸின் மறைவில் எடுத்த சோதனை

சென்ற மாதம் ஷாஜி வீட்டுக்கு வந்தான். நாகர்கோவிலில் நான் நாற்பத்தொரு வருஷம் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பை இப்போது நடத்துகிறவன் அவன். கையில் ஒரு பழைய காலண்டர் தாள், நான்காக மடித்தது. மேலே, எனக்குத் தொழில் கற்றுத்தந்த மீரான் மேஸ்திரியின் கையெழுத்தில் என் பெயர் மட்டும் இருந்தது.

"மாமா, பழைய மேஜைய வெளிய போட்டோம். அடி டிராயருல இது கிடந்து. ஒங்க பேருல்லா எழுதியிருக்கு."

வாங்கிக்கொண்டேன், பிரிக்கவில்லை. உள்ளே இரண்டு சின்னப் பித்தளைத் திருகுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அவை என்ன என்று எனக்குத் தெரியும். மேஸ்திரி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, அதோடு அவையும் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஷாஜி காப்பி குடித்துவிட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தான். "ஒண்ணு கேக்கட்டா மாமா? ரெட்டைக் கார்பரேட்டர் வண்டின்னா ஜில்லாவுலயே செல்லப்பன விட்டா ஆளில்லம்பாவ. நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து நீங்க செயினும் பிரேக்கும்தான் பாத்திய. கண்ணு செரியில்லாமயா?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல மக்கா" என்றேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கும் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். மழுப்புவதில் எனக்குப் பதினொரு வருஷப் பழக்கம்.

இப்போது வருகிற வண்டிகளில் கார்பரேட்டரே கிடையாது. பெட்ரோலை அளந்து தெளிக்கிற வேலையை உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. என் வயது மெக்கானிக்குகள் இதைப் பற்றி டீக்கடையில் ஒப்பாரி வைப்பார்கள். எனக்கு அந்த வருத்தம் துளியும் இல்லை. அந்தப் பெட்டி சோதனை செய்யாமலே செய்ததாகச் சொல்லாது.

தொழில் கற்ற கதையில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் மண்ணெண்ணெயில் பாகம் கழுவினேன், மூன்று வருஷம் பிறர் கழற்றியதை மாட்டினேன், ஆறாம் வருஷம் எஞ்சினைத் தொடவிட்டார்கள். எல்லோருக்கும் அப்படித்தான். மீரான் மேஸ்திரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் கோட்டாறுக்காரர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்வார், சாயங்காலம் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. யாரையும் திட்டிக் கேட்டதில்லை. நாம் செய்த வேலையில் தப்பு இருந்தால், பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் வெள்ளைப் பக்கத்தை மேஜையில் விரிப்பார். தப்பான பாகத்தைத் துடைத்து நடுவில் வைப்பார். பிறகு தொழுகைக்கோ டீக்கோ போய்விடுவார். நாம் போய் அதன் முன்னால் நிற்க வேண்டும், என்ன தப்பு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும், அவர் வந்ததும் வாயால் சொல்ல வேண்டும். வசவு என்றால் அன்றோடு போய்விடும். தாளில் வைத்த பாகம் ராத்திரி சோறு தின்னும்போதும் கண்ணுக்குள் நிற்கும்.

இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்பரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும், ஒரே அளவு பெட்ரோல் விட வேண்டும். அதைக் காதால் பிடிக்கலாம். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் கார்பரேட்டர் வாயில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் மூச்சு கேட்கும். இடது மூச்சும் வலது மூச்சும் ஒன்றாகும்வரை திருகை நகர்த்த வேண்டும். இதில் நான் பெரிய ஆள். மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னைத் தேடி வந்திருக்கிறார்கள், அதனால் தலைக்கனமும் வந்தது.

ஆனால் மேஸ்திரி காதோடு விடமாட்டார். "காது நிக்குற வண்டிக்கு. ஓடுற வண்டிக்குக் காத்து" என்பார். வண்டியை ஆரல்வாய்மொழிக்கு ஓட்டிப்போக வேண்டும். கணவாய் வழியாக மேற்கேயிருந்து வருகிற காற்று அங்கே எப்படி அடிக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனி ஆடியில் நடந்து போகிறவரையே தள்ளும். முப்பந்தல் தாண்டிக் காற்றோடு ஒருமுறை முழு முறுக்கு முறுக்கிப் போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்து, இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும். பிறகு வண்டியைத் திருப்பி, காற்றுக்கு எதிரே அதே மாதிரி வந்து மறுபடியும் பார்க்க வேண்டும். பிளக் நுனி காய்ச்சிய காப்பி நிறத்தில் இருந்தால் சரி. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போனால் பெட்ரோல் குறைவு.

வெளுப்புதான் பயம். பெட்ரோல் குறைந்தால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதானே என்று பலர் நினைப்பார்கள். அந்த வகைப் பழைய எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடேறி பிஸ்டன் வீங்கும், சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிடித்த நொடியில் பின்சக்கரம் நின்றுவிடும். காற்றோடு போகும்போது எஞ்சினுக்குச் சுமை இல்லை, இந்தக் குறை வெளியே தெரியாது. எதிர்க்காற்றில்தான் தெரியும். அதனால்தான் இரண்டாவது சோதனை.

தோவாளை வைகுண்டமணி என்பவரின் இரட்டை சிலிண்டர் வண்டி அவர் அப்பாவுடையது. அப்பா இறந்தபின் பல வருஷம் மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அதை ஓடவைத்துத் தரவேண்டும் என்று வந்தார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும், வடசேரியில் மின்சாமான் கடை வைத்திருந்தார். மனைவி கனியின் தம்பி ரவி துபாயிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தான். அத்தானுடைய அந்தப் பழைய வண்டியில் ஒருமுறையாவது ஏறாமல் திரும்பமாட்டேன் என்று அவன் பிடிவாதம் பிடிக்க, இவருக்கும் ஆசை வந்துவிட்டது. மச்சினன்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

வலது கார்பரேட்டர் பரவாயில்லை. இடதுக்கு உடம்பெல்லாம் அரித்து ஓட்டை விழுந்திருந்தது. ஜோடி எங்கும் கிடைக்கவில்லை. சென்னையில் பழைய சாமான் விற்கிறவர் ஒருவர் ஒன்று அனுப்பினார். பார்க்க அச்சு அசலாக இருந்தது, ஆனால் வேறு கம்பெனி, வேறு ஏதோ வண்டிக்காகச் செய்தது. வாய் ஒரு நூல் அளவு அகலம் கூடுதல்.

மேஸ்திரி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜோடியா மாத்து. இல்லன்னா மாத்தாத. ஒத்தைக்கு ஒத்தை சேராது."

"நான் சேத்துக் காட்டுதேன் மேஸ்திரி."

அவர் என்னைப் பார்த்தார். "செரி. காத்துல பாத்துட்டுக் குடு" என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். வாய்க்குப் பித்தளையில் ஒரு வளையம் கடைந்து போட்டேன். உள்ளே ஏறி இறங்குகிற உருளையை அரத்தால் ராவி வலதுக்குச் சமமாக்கினேன். முழு முறுக்கில் பெட்ரோல் விடுகிற சின்னத் துளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். அதன் தலையில் எண் குத்தியிருக்கும். வலதில் நூற்று நாற்பது இருந்தது, சென்னையிலிருந்து வந்ததிலும் நூற்று நாற்பது. அப்பாடா, இதுவாவது ஒத்துப்போகிறதே என்று அதை அப்படியே விட்டேன். மேஸ்திரி ஜெட்டின் எண்ணை நம்பவே மாட்டார். ஹோமியோபதி மாத்திரைக் குழாயில் அளவு அளவாகக் கம்பிகள் போட்டு வைத்திருந்தார், துளையில் விட்டுப் பார்த்துத்தான் மாட்டுவார். அந்தக் குழாய் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ரப்பர் குழாயைக் காதில் வைத்தபோது இரண்டு மூச்சும் ஒன்றாகக் கேட்டது. சுற்றி நின்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஆரல்வாய்மொழிக்குப் போனேன். ஆடி மாதம். காற்றோடு போய் அணைத்துப் பார்த்தேன், இரண்டு பிளக்கும் அருமையான காப்பி நிறம். வண்டியைத் திருப்பியபோது மண் முகத்தில் அறைந்தது. கண் திறக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து திருநெல்வேலியிலிருந்து ஒரு பஸ் வந்தது. ஆடி மாதத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். பஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் வண்டியை ஒட்டிக்கொண்டேன். அங்கே காற்றே இல்லை. தோவாளைவரை அப்படியே சுகமாக வந்தேன்.

"ரெண்டு பக்கமும் பாத்தியா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"பாத்தேன்" என்றேன்.

வைகுண்டமணி வண்டியை எடுத்துப்போனார். நான்காம் நாள் அவரும் ரவியும் பணகுடியில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போனார்கள், துபாயிலிருந்து கொண்டுவந்த சாமான்களைக் கொடுக்க. போகும்போது காற்றோடு போய்விட்டார்கள். மத்தியானம் திரும்பி வரும்போது முப்பந்தலுக்கு முன்னால் இடது பிஸ்டன் பிடித்தது. பின்சக்கரம் நின்று வண்டி குறுக்கே சாய்ந்தது. வைகுண்டமணிக்குக் கை எலும்பு முறிந்தது. பின்னால் இருந்த ரவி எதிரே வந்த லாரியின் அடியில் போய்விட்டான். இருபத்தாறு வயது.

"நான் அறுபதுலதான் வந்தேன்" என்று ஆஸ்பத்திரியிலேயே வைகுண்டமணி சொன்னார். யாரும் நம்பவில்லை. ரோட்டோரத்து டீக்கடையில் இருந்தவர்கள் வண்டி அலறிக்கொண்டு வந்ததைக் கேட்டிருந்தார்கள். அலறினால் வேகம், அவர்கள் கணக்கு அது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு ஆள் ஏறிய கிழட்டு எஞ்சின், ஆடிக்காற்றை எதிர்த்து, மூன்றாவது கியரில் முழு முறுக்கில் வந்தால் அலறத்தான் செய்யும், அறுபதுக்கு மேல் போகவும் செய்யாது. இதைச் சொல்ல ஒரு மெக்கானிக் வேண்டும்.

மறுநாளே நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வெளியே கிடந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் இடது பிளக்கைக் கழற்றினேன். நுனி சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.

ரவியின் பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து இரண்டு நாளில் கனியின் அப்பா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பொன்னையா என்று பெயர், பூதப்பாண்டியில் வயல் வைத்திருந்தவர், அதிகம் பேசமாட்டார். மேஸ்திரி அன்று இல்லை. நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

"மருமவன் வேகமா வரல, வண்டி தானா நின்னு போச்சுன்னு சொல்லுதாரு. எனக்க மவ ஒரு வார்த்த கேட்டுட்டு வரச் சொன்னா. அப்பிடி வண்டி தானா நிக்குமா?"

அந்த ஒரு கேள்விக்காகத் தோளில் துண்டோடு அவர் வெயிலில் வந்திருந்தார். பதில் என் வாயில் இருந்தது. ஜெட்டைச் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் பஸ்ஸைச் சொல்ல வேண்டும். சுற்றி நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மட்டுமீறி ஓட்டினா எந்த வண்டியும் பிடிச்சு நிக்கும், அண்ணாச்சி" என்றேன்.

இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் ஆமாம் என்பார். பொன்னையா தலையை ஆட்டினார், "அப்போ செரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே கனி துணிமணியை எடுத்துக்கொண்டு பூதப்பாண்டிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வைகுண்டமணி மூன்று முறை போய் அந்த வீட்டு வாசலில் நின்றாராம், கதவு திறக்கவில்லை. அடுத்த வருஷம் கடையும் கைமாறிப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து வண்டி எங்களிடமே வந்தது. மேஸ்திரி யாரையும் தொடவிடாமல் தானே திறந்தார். மதியம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மேஜையில் காலண்டர் தாள் விரித்திருந்தது. அதில் இரண்டு ஜெட்டுகளும் ஒரு கம்பியும் இருந்தன. இந்தமுறை அவர் டீக்குப் போகவில்லை, எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கம்பியை எடுத்து வலது ஜெட்டில் விட்டேன், நுழைந்தது. இடது ஜெட்டில் விட்டேன். நுழையவில்லை.

இரண்டிலும் நூற்று நாற்பதுதான். ஒரு கம்பெனி ஒரு கணக்கில் எண் போடும், இன்னொன்று வேறு கணக்கில் போடும். அதனால்தான் அவர் கம்பி வைத்திருந்தார்.

"காத்துல வந்து பாத்தேன்னு சொன்னியே" என்றார்.

"பஸ்ஸுக்குப் பொறத்தால வந்தேன்."

அவர் இரண்டு ஜெட்டையும் தாளிலேயே வைத்து நான்காக மடித்தார். பொன்னையா வந்து போன விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். "அந்த வீட்டுல போயி நீதான் சொல்லணும். நான் போயி சொன்னா அது கோள் சொல்லுத மாதிரி" என்றார். பிறகு, "இனி கார்பரேட்டர் தொடாண்டாம்" என்றார்.

அவ்வளவுதான். வேலையை விட்டு நீக்கவில்லை, சம்பளத்தைக் குறைக்கவில்லை, வேறு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல் எனக்குச் செயின், பிரேக், பஞ்சர். ஆட்கள் தேடி வந்து கேட்டால், "செல்லப்பனுக்கு இப்பம் கண்ணு அவ்வளவு கொள்ளாது" என்று அவரே சொல்லி அனுப்பிவிடுவார். ஆனால் தினமும் சாயங்காலம் கை கழுவும்போது என்னை ஒருமுறை பார்ப்பார். இன்றைக்குப் போனாயா என்று கேட்கிற பார்வை. நான் துண்டை உதறிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பேன். ஐந்து வருஷம் அப்படிப் பார்த்துவிட்டு அவர் இறந்தார். அவருடைய மய்யத்தைக் கபர்ஸ்தானுக்குத் தூக்கிப்போகும்போது நானும் கூடவே நடந்தேன். அழுதேன். அதற்குள் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஷாஜி கொண்டுவந்த தாளை ஒரு வாரம் அலமாரியில் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் காலையில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோவாளைக்குப் பஸ் ஏறினேன்.

வைகுண்டமணி தனியாகத்தான் இருந்தார். பூச்சந்தையில் காலை வேலையை முடித்துவிட்டு வந்திருந்தார், சட்டையில் பிச்சிப்பூ வாசனை. நாற்பத்தாறு வயதுக்கு அறுபது என்று சொல்லலாம். என்னை அடையாளம் தெரிந்தது. "வாரும் செல்லப்பண்ணே, இரியும்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. உட்காராமல் தாளைப் பிரித்து மேஜையில் வைத்தேன். ஜெட்டில் தொடங்கி, பஸ், வெளுத்த பிளக், அவர் மாமனாருக்கு நான் சொன்ன பதில், எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவர் இரண்டு ஜெட்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தாளில் வைத்தார்.

"எனக்கு மொதல்ல நல்ல நினைவிருந்து" என்றார். "முள்ளு அறுபதுல நின்னத பாத்தேன். எல்லாரும் இல்லன்னு சொன்னாவ. பொறவு எனக்கே செரியா பிடிகிட்டல. எம்பதுல வந்துட்டு அறுபதுன்னு நானே சொல்லிக்கிடுதேனோன்னு… அப்போ நான் அறுபதுலதான் வந்தேன், இல்லியா?"

"அறுபதுலதான்."

"இன்னொருக்க சொல்லும்."

சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஏன் பதினொரு வருஷம் என்று கேட்பார், அடிப்பார் என்றுகூட நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. அழுது முடித்து முகம் கழுவினார், வேறு சட்டை போட்டுக்கொண்டார், வீட்டைப் பூட்டினார்.

பூதப்பாண்டியில் இறங்கி நடந்தோம். வீடு தெரிந்ததும் அவர் ரோட்டில் நின்றுவிட்டார். "நீரு போயி சொல்லும். நான் சொன்னா நம்பமாட்டா."

பொன்னையா காலமாகி நாலு வருஷமாம், அது எனக்கு அன்றுதான் தெரியும். கனிதான் கதவைத் திறந்தார். வாசலில் நின்றபடியே மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன், தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"அறுபதுலதான் வந்தேன்னு அவரு கைய பிடிச்சிட்டுச் சொன்னாரு" என்றார். "நான் ஒம்மகிட்ட கேட்டுட்டு வரச்சொல்லி அப்பாவ அனுப்பினேன். நீரு சொன்னதத்தான் நம்பினேன்."

என்னை ஏதாவது கேட்கட்டும் என்று நின்றேன். ஆனால் அவர் என் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வைகுண்டமணி தலையில் ஒன்றும் இல்லாமல், எங்கள் பக்கம் பார்க்காமல் நின்றார்.

"வெயில்ல எதுக்கு நிக்காரு" என்றார் கனி.

அதை அவரிடம் சொல்ல நான் படியிறங்கினேன்.